அலைய வைப்பதும் அடக்குமுறைதான்



வீட்டில் யாருக்காவது ஒரு சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். பட்டா மாற்ற வேண்டும். கரன்ட் கனெக்‌ஷனில் பெயர் மாற்ற வேண்டும். பேச்சை எடுத்ததுமே நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "அந்த ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

என்ன பேப்பர் வேண்டும், எவ்வளவு ஃபீஸ், எத்தனை நாளாகும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மச்சானின் நண்பர், பக்கத்து வீட்டுக்காரரின் சித்தப்பா, கட்சிக்காரர் ஒருவர் என்று யாரோ ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகுதான் நமக்குத் தைரியமே வருகிறது.

தெரிந்தவர் யாரும் இல்லாதவர் என்ன செய்வார்? அலைவார். "நாலு தடவை அலைஞ்சாத்தான் காரியம் ஆகும்" என்று நம் பெரியவர்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த அலைச்சலை நாம் வெயில், மழை மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டோம். வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான், யாரைக் கேட்பது?

கேட்கலாம் என்கிறது சட்டம். அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று இருக்கிறது.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். பேங்கில் இருக்கிற கொஞ்சம் பணத்தை எடுக்க வாரிசுச் சான்று கேட்கிறார்கள். இவர் ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர். ஆபீஸுக்குப் போகிற நாளில் கூலி கிடையாது. முதல் தடவை போனபோது, ரேஷன் கார்டில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரி செய்துகொண்டு போனால் "ஐயா ஃபீல்டுக்குப் போயிருக்கார்." அடுத்த முறை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். அவர்களும் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். "இன்னிக்கு சர்வர் டவுன்." இத்தனைக்கும் நடுவில், அவர் கொடுத்த மனுவுக்கு யாரும் ஒரு ரசீது கூடத் தரவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

கடிதத்தின் கடைசி வரியில் அவர் எழுதியிருப்பதுதான் என்னை உலுக்கியது. "எம்மேலதான் தப்பு போல. எனக்கு நாலு பேர்கிட்ட பேசத் தெரியல."

இல்லை அம்மா. உங்கள் மேல் தப்பில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்களைப் போல ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் லக்னோ வளர்ச்சி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர் வீட்டு வசதி வாரியம் போல வீடு கட்டித் தருகிற அமைப்பு. அது அறிவித்த திட்டத்தில் ஒருவர் விண்ணப்பித்தார். குலுக்கலில் அவருக்கு ஒரு ஃபிளாட் விழுந்தது. 1988-ல் பணத்தையும் கட்டிவிட்டார். ஆனால், வீட்டைக் கையில் தரவில்லை. கேட்டால் வேலை முடியவில்லை என்றார்கள். எப்போது முடியும் என்பதற்கும் சரியான பதில் இல்லை.

நம்மில் பலரும் இந்த இடத்தில் என்ன செய்திருப்போம்? தெரிந்தவரைத் தேடியிருப்போம். விண்ணப்பித்தவரோ நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அரசு அமைப்பு மீது நுகர்வோர் வழக்கு செல்லாது என்று ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 1993 நவம்பரில் நீதிபதிகள் குல்தீப் சிங், ஆர்.எம்.சகாய் அமர்வு தீர்ப்புச் சொன்னது. வழக்கு செல்லும் என்பது அதில் ஒரு பகுதிதான். நம் வீடுகளுக்கு ரொம்பத் தேவையான பகுதி அதற்குப் பிறகு வருகிறது.

பொது அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் கெட்ட எண்ணத்தோடோ அடக்குமுறையாகவோ நடந்துகொண்டு, அதனால் ஒரு குடிமகன் அலைக்கழிக்கப்பட்டு மனம் நொந்தால், அங்கே அவர் அதிகாரத்தைப் பயன்படுத்தியதாகவே சட்டம் கருதாது. அது அதிகார துஷ்பிரயோகம். அதற்கு எந்தச் சட்டத்திலும் பாதுகாப்பு கிடையாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. சாதாரண மனிதன் அலுவலகங்களின் இந்தப் போக்கை எதிர்த்துப் புகார் சொல்வதற்கும் போராடுவதற்கும் பதிலாகப் பணிந்து போய்விடுகிறான் என்று நீதிபதிகள் வருந்துகிறார்கள். அலைக்கழிப்புக்கு நஷ்டஈடு தருவது அந்த ஒருவருக்கு மட்டும் நிம்மதி தருவதில்லை, ஒரு சமூகக் கேட்டையே குணப்படுத்த உதவும் என்கிறார்கள். நம் வாசகியின் கடைசி வரியை அவர்கள் 30 வருடங்களுக்கு முன்பே படித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மன வேதனைக்கும் அலைச்சலுக்கும் நஷ்டஈடு 10,000 ரூபாய். அன்றைக்கும் அது பெரிய தொகை இல்லைதான். ஆனால், அந்தப் பணம் யார் பையிலிருந்து வர வேண்டும் என்று நீதிபதிகள் யோசித்தார்கள் பாருங்கள், அதற்காகவே அந்தத் தீர்ப்பை நான் கொண்டாடுகிறேன்.

அரசு கொடுக்கிற நஷ்டஈடு என்பது யார் பணம்? நீங்களும் நானும் கட்டுகிற வரி. நாம் வாங்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் கட்டுகிற ஜிஎஸ்டி. யாரோ ஓர் அதிகாரி ஒருவரைக் கொடுமைப்படுத்துவார், அதற்கான அபராதத்தை அதே ஜனங்கள் கட்ட வேண்டும் என்றால் அதில் என்ன நியாயம்? பாதிக்கப்பட்டவருக்குப் பொதுப் பணத்திலிருந்து உடனே கொடுத்துவிடுங்கள். பிறகு, பொறுப்பானவர்கள் யார் என்று கண்டுபிடித்து அவர்களிடமிருந்து வசூலியுங்கள். பலர் என்றால் பங்கு பிரித்து வசூலியுங்கள் என்றது நீதிமன்றம்.

குடும்பம் நடத்துகிற யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டாம். உடைத்தவர்தானே மாற்றித் தர வேண்டும்?

இந்தச் சிந்தனை அன்று புதிதாக முளைத்ததும் இல்லை. அரசு ஊழியர்களின் அடக்குமுறையான, தன்னிச்சையான, சட்டத்துக்குப் புறம்பான செயல்களுக்கு, நடந்த நஷ்டத்தையும் தாண்டிப் பாடம் புகட்டும் அளவுக்கு நஷ்டஈடு விதிக்கலாம் என்று இங்கிலாந்தில் டெவ்லின் பிரபு 1964-ல் சொல்லியிருந்தார். அவருக்கும் முன்னால் லண்டனில் நடந்த ஒரு வழக்கு உண்டு. பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவள் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால், அதன் நாயகன் ஓர் அச்சுத் தொழிலாளி.

1763-ஆம் ஆண்டு. 'நார்த் பிரிட்டன்' என்ற பத்திரிகையின் 45-வது இதழ் மன்னரின் உரையைக் கடுமையாக விமர்சித்து வெளிவந்தது. அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஒரு வாரன்ட் போட்டார். அதில் யார் பெயரும் இல்லை. எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் யாராக இருந்தாலும் பிடித்து வாருங்கள், அவ்வளவுதான். காவலர்கள் தங்களுக்குத் தோன்றியவர்களை எல்லாம் பிடித்தார்கள். அதில் ஒருவர், வாரம் ஒரு கினி கூலிக்கு வேலை பார்த்த அச்சுத் தொழிலாளி.

அவரை யாரும் அடிக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் காவலில் வைத்திருந்தார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள். சாப்பிட மாட்டிறைச்சியும் குடிக்க பீரும் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு அனுப்பிவிட்டார்கள்.

அவர் வழக்குப் போட்டார். ஜூரிகள் 300 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். அவருடைய ஐந்து வருடக் கூலியைவிட அதிகம்! அரசுத் தரப்பு அதிர்ந்துபோனது. ஆறு மணி நேரத்துக்கு, அதுவும் சாப்பாடு போட்டு வைத்திருந்ததற்கு, இவ்வளவா என்றது. தலைமை நீதிபதி பிராட் அதை மாற்ற மறுத்துவிட்டார். பெயரில்லாத ஒரு காகிதத்தைக் காட்டி ஒரு குடிமகனைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் நாட்டில் யாருக்குமே பாதுகாப்பில்லை, ஜூரிகள் பார்த்தது அதைத்தான் என்றார்.

அடி, உதை, ரத்தம் இருந்தால்தான் அடக்குமுறை என்று நாம் நினைக்கிறோம் இல்லையா? 260 வருடங்களுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டாலே போதும். இருக்கிற அதிகாரத்தை, அது கொடுக்கப்பட்ட காரியத்தை விட்டுவிட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலும் அப்படித்தான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் வேண்டுமென்றே இழுத்தடிப்பதும் அதே கணக்கில்தான் வரும்.

இருக்கிற அதிகாரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பஞ்சாபில் ஒரு சிவில் சர்ஜன் மீது அரசு ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. காகிதத்தில் எல்லாம் சட்டப்படிதான் இருந்தது. ஆனால், அதற்குப் பின்னால் இருந்தது முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோனின் சொந்தக் கோபம் என்று உச்ச நீதிமன்றம் 1963-ல் கண்டறிந்து அந்த உத்தரவை ரத்து செய்தது. முதலமைச்சராக இருந்தாலும் பகையைத் தீர்த்துக்கொள்ளக் கையெழுத்தைப் பயன்படுத்த முடியாது என்றால், தெருவிளக்குப் புகார் கொடுத்தவர் வீட்டுக் குடிநீர் இணைப்பை மட்டும் தேடி வந்து 'சோதனை' செய்கிறவருக்கும் அது பொருந்தும்தானே?

லண்டன் தொழிலாளியின் அந்த ஆறு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு நம் மெட்ராஸ் ராஜதானிக்கு வந்தால் மனசு கனத்துப் போகிறது. நிலவரி கட்ட முடியாத விவசாயிகளைத் தாசில்தார் கச்சேரி ஆட்கள் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று லண்டன் பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்து, அதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-ல் அதன் அறிக்கை வந்தது. கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கிற கிட்டி. குனிய வைத்துத் தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. எல்லாம் உண்மைதான் என்று அரசு போட்ட கமிஷனே எழுதி வைத்திருக்கிறது.

அவர்கள் ஏன் புகார் செய்யவில்லை? அதற்கும் அந்த அறிக்கையில் பதில் இருக்கிறது. கலெக்டர் இருக்கிற ஊர் தூரம். போனால் வயல் வேலை கெடும். பணம் செலவாகும். அப்படியும் போய் மனுக் கொடுத்தால், அந்த மனு எந்த அதிகாரியைப் பற்றியதோ அவரிடமே திரும்பி வரும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுக்கிறோம். சில வாரம் கழித்து, யாரைப் பற்றிக் கொடுத்தோமோ அந்த அலுவலகத்திலிருந்தே "உங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று பதில் வருகிறது. கிட்டி போய்விட்டது, நல்லது. மனு திரும்பி வருகிற பாதை இன்னும் போகவில்லை. இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் மீதான புகாரை அவரே விசாரிக்கக் கூடாது என்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா என்ன?

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். இது வீட்டில் எல்லோரையும் ஒரே நேரத்தில் நடுங்க வைக்கிற விஷயம். "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்று ஒரு போன் வந்தால் போதும், அன்று வீட்டில் அடுப்பு எரியாது. அந்த போனுக்குச் சட்டத்தில் என்ன இடம்?

விசாரணைக்கு ஒருவரைச் சாட்சியாக அழைக்க எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும், மாற்றுத் திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது. அவர்கள் வசிக்கிற இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 179-வது பிரிவு இது. பழைய சட்டத்தில் முதியோர் வயது 65 என்று இருந்தது. இந்த விதியைத் தெரிந்தே மீறி அழைக்கிற அதிகாரிக்கு, புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-ன் 199-வது பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம் கடுங்காவல் இருக்கிறது.

இந்த விதி பழசுதான். ஒடிசாவில் முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியையே விசாரணைக்கு என்று காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு பெண்ணை அப்படி வரவழைத்தது சட்டத்துக்கு விரோதம் என்று 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்து எழுதினார். முன்னாள் முதலமைச்சருக்கே அந்த நிலைமை என்றால், மகன் லவ் மேரேஜ் செய்துகொண்டு போய்விட்டான் என்பதற்காக ராத்திரி வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிற அம்மாக்களின் கதி என்ன?

புகார் கொடுக்கப் போனாலும் அப்படித்தான். வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்கிறது என்று தகவல் கொடுத்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. நம் ஸ்டேஷன்களில் புகார் வந்ததற்கு அடையாளமாக சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். நகை திருட்டு, அடிதடி, பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை என்று எதுவாக இருந்தாலும், "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க" என்பது சட்டம் அவர்களுக்குக் கொடுத்த வேலை இல்லை.

சாத்தான்குளத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூன், ஊரடங்கு நேரம். கடையை மூடுவதில் வந்த பிரச்னை என்று தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்தக் கொடுமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நான் நினைத்துப் பார்ப்பது, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலரை. விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், ராத்திரி முழுக்க அடித்தார்கள் என்று அவர் சொன்னார். தன்னோடு டியூட்டி பார்க்கிறவர்களுக்கு எதிராக, அதே கட்டடத்தில் நின்றுகொண்டு சொன்னார். அந்த நேரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தடயங்கள் அழிந்துவிடக் கூடாது என்று அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் செய்தது.

அதிகாரிகள் எல்லோரும் மோசம் என்று இந்தப் பக்கத்தில் யாராவது படித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நேர்மையாக, நல்ல எண்ணத்தோடு வேலை செய்கிறவருக்குச் சட்டம் முழுப் பாதுகாப்புத் தருகிறது. அவர் எடுத்த முடிவு தவறாகவே போனாலும் அவரைத் தண்டிப்பதில்லை. ஒரு விஏஓ இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கிறார், ஒரு கிளார்க் காலியாக இருக்கிற பக்கத்து சீட்டின் ஃபைல்களையும் பார்க்கிறார் என்பதால் வருகிற தாமதம் வேறு. நம் வாசகர்களிலேயே அப்படி வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசுவது, தாமதத்தைக் காட்டிப் பணமோ பணிவோ பிடுங்குகிறவர்களைப் பற்றி.

அதிகாரம் கட்டுக்கடங்காமல் போனால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் சேர்ந்து நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். குடிக்கிற கிணற்றைக்கூடப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு, அந்தக் கிராமத்து மக்களையே குற்றவாளிகளாக்கி ஜெயிலில் போட்டார்கள்.

269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். அப்பீல் போனார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன்பு நீதிபதி வேல்முருகன் அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அதில் பாதியான 5 லட்சத்தை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்து வசூலிக்கச் சொன்னார். அன்றைக்குக் கலெக்டராகவும், எஸ்.பி.யாகவும், மாவட்ட வன அலுவலராகவும் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார்.

லக்னோ ஃபிளாட் வழக்கில் 10,000 ரூபாய்க்குச் சொன்ன அதே நியாயம்தான். செய்தவர் கட்ட வேண்டும். ஆனால், அந்த வார்த்தையைக் கேட்க வாச்சாத்திப் பெண்கள் 31 வருடம் காத்திருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இன்னும் பலரும் கூடவே நின்றதால்தான் அந்த வழக்கு பிழைத்தது. இல்லாவிட்டால் அதுவும் என்றைக்கோ ஏதாவதொரு அலமாரியில் முடிந்திருக்கும்.

சரி, நம் வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டது எதுவும் கணக்கில் வராது. மனுவின் ஜெராக்ஸில் சீல் போட்டு, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். வெளியே வந்து அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டி வந்தாலும், "நீங்கள் கொடுத்த மனு எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. நம் வாசகியிடம் இல்லாமல் போனது இந்த ஒரு காகிதம்தான்.

மனு அசையவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு கேள்வி போடுங்கள். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாகத்தான் பதில் வரும். இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தது, அவர்களின் பெயர், பதவி என்ன, மனு மீது என்ன குறிப்பு எழுதினார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் தராவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்தத் தகவல் அலுவலருக்கே அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நான் அனுபவத்தில் பார்த்த வரை, இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த சில நாளிலேயே பல ஃபைல்களுக்குக் கால் முளைத்துவிடும்.

லஞ்சம் கேட்டு வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால், கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர் மீது குற்றமில்லை.

வீட்டு வசதி வாரியம், மின் வாரியம் போலப் பணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிற அமைப்புகள் என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாரிசுச் சான்று போன்றவற்றுக்கு அந்த வழி பொருந்தாது, ரிட்தான். அடி, மிரட்டல், சட்ட விரோதக் காவல் என்றால் மாநில மனித உரிமை ஆணையம். அங்கே வக்கீலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஆனால், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போய்விட வேண்டும். இந்த ஆணையத்தின் பரிந்துரை வெறும் யோசனை இல்லை, அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்கிறீர்களா? பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியின மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இதெல்லாம் செய்தால் காரியம் கெட்டுவிடும், அவர்கள் கோபத்துக்கு ஆளாவோம் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நியாயமான பயம்தான். பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்று நம் வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள். அதனால் தனியாகப் போகாதீர்கள். அதே பிரச்னைக்காக அதே வராந்தாவில் காத்திருக்கிற நாலு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். சுய உதவிக் குழு, குடியிருப்போர் சங்கம், பென்ஷனர் சங்கம் என்று ஏதாவது ஒன்றின் லெட்டர்பேடில் மனு போகட்டும். தனி மனுஷியின் மனுவைத் திருப்பி அனுப்புகிற கை, 20 பேர் கையெழுத்தைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கும்.

நம் வாசகிக்குப் பதில் எழுதிவிட்டோம். அவருடைய ஊரிலேயே இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறோம். துணைக்கு நம் வாசகர் வட்டத்துத் தோழி ஒருவர் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த இதழிலிருந்து, வெட்டி எடுத்து அப்படியே பயன்படுத்தும் விதத்தில், மாதிரி மனுக்களை எளிய தமிழில் வெளியிடப் போகிறோம். தகவல் உரிமை மனு முதலில் வரும். அதற்கடுத்து எதைப் போடலாம்? பட்டாவா, மின் இணைப்பா, ஸ்டேஷன் புகாரா? உங்கள் வீட்டில் எந்தக் காகிதம் எந்த மேசையில் நின்றுபோயிருக்கிறதோ அதை எழுதி அனுப்புங்கள். அலுவலகத்தின் பெயரும், மனுக் கொடுத்த தேதியும், சீல் வாங்கிய ஜெராக்ஸும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு வேலை சுலபம்.

அன்புடன்,
ஆசிரியர்